பொட்டு வைத்த பேரிங்

சந்திரிகா செய்த ரிப்பேரைச் சந்தேகப்பட்டு அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டவில்லையே தவிர, சட்டம் அதுதான். சட்டத்தைப் போட்டவள் சந்திரிகா. போட வைத்தவர் அவள் கணவர் வாசுதேவன்.

புனேயில், கசார்வாடி ரயில் பாதைக்குப் பின்புறம் இருந்தது அவர்கள் வீடு. சந்திரிகாவுக்கு இட்லி மாவு வியாபாரம். விடிந்ததும் பழைய வெள்ளை ஆம்னி வேனில் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு வாகட் அடுக்குமாடிகளுக்குப் போய்விடுவாள். கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிற குடும்பங்கள் எல்லாம் அவள் கை மாவில்தான் காலைப் பொழுதைத் தொடங்கின. ஒரு முறை கிளட்ச் கேபிள் அறுந்து, மெக்கானிக் வேனை நான்கு நாள் பட்டறையில் போட்டு வைத்தான். நான்கு நாள் மாவும் புளித்துப் பொங்கிச் சாக்கடைக்குப் போனது. அன்றைக்கு ஸ்பானர் செட் ஒன்றை வாங்கி வந்தவள்தான். கேபிள், பிளக், பிரேக் ஷூ என்று ஒவ்வொன்றாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கைப்பழக்கம் வந்த பிறகு வீடியோவும் தேவைப்படவில்லை.

வாசுதேவன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். ஜூன் மாதத்தில் சந்திரிகா முன் பிரேக்கைக் கழற்றி மாட்டிய மறுநாள், காய்கறி வாங்கப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போய், மெக்கானிக்கிடம் காட்டிச் சரியாக மாட்டியிருக்கிறாளா என்று பார்த்து வந்தார். சரியாகத்தான் இருந்தது. விஷயம் அதோடு போயிருக்கும். அந்த மெக்கானிக் அடுத்த வாரம் ஸ்பேர் கடையில் சந்திரிகாவைப் பார்த்து, உங்கள் சாகேப் வந்து செக் பண்ணிக்கொண்டு போனாரே, வேலை ஏ ஒன் என்று பாராட்டித் தொலைத்தான்.

சந்திரிகா எட்டு நாள் புருஷனோடு பேசவில்லை. சாப்பாடு தயார் என்பதைக்கூட மகள் வைஷு வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். வைஷு புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் ஹிந்தியோடு கை கோத்துக்கொண்டுதான் நடக்கும். இரண்டு பக்கமும் தூது போய் அவளுக்கு நாக்கு வறண்டது. ஒன்பதாம் நாள் வாசுதேவன் இறங்கி வந்தார். இனிமேல் நீ கை வைத்த வேலையைச் சந்தேகப்பட மாட்டேன் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். சந்திரிகா அப்போதும் சிரிக்கவில்லை, ஆனால் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள்.

இது நடந்து நான்கு மாதம் ஆயிற்று. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வேனின் வலது முன் சக்கரத்தில் ஓர் உறுமல் கேட்க ஆரம்பித்தது. நாற்பதுக்கு மேல் போனால் உறுமும், வேகம் குறைத்தால் அடங்கும். சந்திரிகாவுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பேரிங் போய்விட்டது. ஆக்ஸில் முனையில் சக்கரம் சுற்றுவதே அந்தக் குண்டுகள் அடைத்த இரும்பு வளையத்தின் மேல்தான். ஆம்னியில் ஓட்டுகிறவர் உட்காருவது நேராக முன் சக்கரத்தின் தலைமேல். முன்னால் எஞ்சினும் கிடையாது, மூக்கும் கிடையாது, ஒரு தகடுதான். முன் சக்கரம் சதி செய்தால் முதலில் அடிபடுவது ஓட்டுகிறவர் முழங்கால்.

ஆயுத பூஜையன்று காலையில் வாசலில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினாள். பழைய பேரிங்கை உளி வைத்துத் தட்டி வெளியே எடுத்தாள். அதைச் சாம்பிளாகக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர் கடைக்கு நடந்து, அதே அளவில் புதியது வாங்கி வந்தாள். பெட்டியைப் பிரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவு சரிபார்த்தாள். அதற்குள் மாவுக்கு அரிசி ஊற வைக்கிற நேரமாகிவிட்டது. மாலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளின் மேல் அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். அதுதான் அவள் செய்த முதல் பிசகு.

வாசுதேவனுக்கு ஆயுத பூஜை வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. வீட்டில் பொட்டு வைக்காத பொருள் ஒன்று மிச்சம் இருக்கக் கூடாது. கிரைண்டர், மிக்சி, வைஷுவின் லேப்டாப், டிவி ரிமோட் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சந்திரிகா குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்பானர் செட், சுத்தியல், உளி, இரண்டு பேரிங், கிரீஸ் டப்பா எல்லாம் பூஜை அறைக்குப் போயிருந்தன. போவதற்கு முன் பாத்திரம் தேய்க்கிற பொடி போட்டுப் பளபளவென்று தேய்த்தும் வைத்திருந்தார்.

பேரிங்கை யாராவது பொடி போட்டுத் தேய்ப்பார்களா என்று சந்திரிகாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது. நாள் கிழமையும் அதுவுமாகச் சண்டை வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

விஜயதசமி விடிந்தது. ஒவ்வொரு விஜயதசமிக்கும் பூஜை போட்ட வேனில் சத்தாரா ரோட்டில் இருக்கிற கேத்காவளே பாலாஜி கோயிலுக்குப் போய் வருவது வாசுதேவன் வழக்கம். இந்த வருஷம் வைஷுவும் கூடப் போவதாக இருந்தாள். மகர்பட்டாவில் அவளுக்கு வேலை கிடைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, பாலாஜிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்பா வேண்டிக்கொண்டிருந்தார். சந்திரிகா போவதாக இல்லை. பண்டிகைக்கு மறுநாள் மாவுக்குத்தான் கிராக்கி அதிகம், அரைக்க வேண்டும். எட்டரைக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பாவும் மகளும் குதித்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் இன்னும் மாட்டவில்லை.

பூஜையைக் கலைத்து, பொருள்களைத் தாம்பாளத்தில் எடுத்து வந்தது வாசுதேவன்தான். பேரிங்கை அதன் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுக் கொண்டு வந்தார்.

"புதுசைப் பெட்டியில போட்டுட்டேன். பழசு சாமிகிட்டயே இருக்குது, அப்புறம் எடுத்துக்கலாம்," என்றார். "பொட்டை மட்டும் அழிச்சுறாத சந்திரி. இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

பெட்டி புதிய பெட்டி. உள்ளே இருந்த பேரிங் கண்ணாடி மாதிரி மின்னியது. வெளி வளையத்தின் மேல் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். வெளி வளையம் சும்மா உட்கார்ந்திருக்கிற பாகம், அங்கே பொட்டு இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். பொடி போவதற்காகப் பெட்ரோலில் முக்கி எடுத்தாள். சந்தனம் பெட்ரோலுக்கு அசையவில்லை.

கிரீஸ் அடைப்பதற்கு முன்னால் வழக்கம்போல விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். லேசாக ஒரு கரகரப்பு தட்டியது. கை ஒரு கணம் நின்றது. பொடித் துணுக்கு எங்காவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு தடவை பெட்ரோலில் முக்கினாள். மறுபடி சுற்றிப் பார்க்கவில்லை. வாசலில் வைஷு செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள், மணி எட்டு இருபது. கிரீஸை அடைத்தாள். பேரிங்கைத் தட்டி உட்கார வைத்தாள். நட்டை இறுக்கி, அது கழலாதபடி ஸ்ப்ளிட் பின் போட்டு மடக்கினாள். சக்கரம் ஏறியது. நான்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு, முன் பம்பரில் வாழைக்கன்றும் சாமந்தி மாலையுமாக வேன் தெருவைத் தாண்டிப் போயிற்று.

பதினொன்றேகால் மணிக்கு கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு, பூஜை அறையில் வாடிய பூக்களை அள்ளினாள். சரஸ்வதி படத்துக்குப் பின்னால் அந்தப் பழைய பேரிங் இருந்தது. பழைய இரும்பு வாங்குகிற பங்கார்காரன் வந்தால் போட்டுவிடலாம் என்று எடுத்தாள். எடுத்தவள் பழக்க தோஷத்தில் அதை விரலில் மாட்டிச் சுற்றினாள்.

அது சத்தமே இல்லாமல் சுற்றியது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய், தானாக நின்றது. சந்திரிகாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தாள். கம்பெனியில் பூசி அனுப்புகிற எண்ணெய்ப் படலம் மங்கலாக இன்னும் அதன் மேல் இருந்தது. உளி வைத்துத் தட்டி எடுத்த பேரிங்கில் உளிபட்ட தழும்பு இருந்தாக வேண்டும். இதில் தழும்பே இல்லை.

இது புதுசு. அப்படியானால் சக்கரத்துக்குள் போயிருப்பது பழசு.

வாசுதேவன் இரண்டையும் தேய்த்திருக்கிறார், புதியதை மேலோட்டமாக. அழுக்கு அதிகம் என்று பழையதை இன்னும் பக்தியோடு தேய்த்திருக்கிறார். எது அதிகமாக மின்னியதோ அதைப் புதியது என்று பெட்டியில் போட்டிருக்கிறார். உளிபட்ட தழும்பு பொட்டுக்கு அடியில் இருந்திருக்கிறது. பழையதை அவள் கழற்றியபோதே உள்ளே குண்டுகளைப் பிடித்து வைக்கிற கூடு ஒரு பக்கம் விரிந்திருந்ததைப் பார்த்திருந்தாள், இன்று காலை அவசரத்தில் அங்கே கண் போகவில்லை. தெருவுக்குள் ஓட்டினால் இன்னும் பத்து நாள் தாங்கும். நெடுஞ்சாலையில் போகவும் வரவும் நூறு கிலோமீட்டர் தாங்காது. கூடு உடைந்தால் குண்டுகள் சிதறும். சக்கரம் ஆடும், இல்லையென்றால் சூட்டில் ஆக்ஸிலோடு ஒட்டிக்கொண்டு ஒரேயடியாக நின்றுவிடும்.

வாசுதேவனுக்குப் போன் போட்டாள். சாமி மாடத்தில் மணி அடித்தது. போனுக்கும் பொட்டு வைத்து மாடத்தில் வைத்தவர் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். வைஷுவின் போன் அணைந்திருந்தது. கோயிலுக்குள் போகும்போது அணைத்திருப்பாள். மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். கடைசியில் ஹிந்தியும் தமிழுமாக ஒரு செய்தியைத் தட்டிவிட்டாள். அது போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருந்தால் இதற்குள் யாராவது கூப்பிட்டிருப்பார்கள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கோயிலில் பிரசாதம் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு மேல் கிளம்புவார்கள். திரும்பி வரும் வழியில் காத்ரஜ் சுரங்கப்பாதை இருக்கிறது. அதைவிட்டு வெளியே வந்தால் நவ்லே பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனையோ அந்த இறக்கத்தில் வந்து மோதியிருக்கின்றன. புனேயில் வண்டி ஓட்டுகிற எவரும் அந்த இடத்தில் காலைப் பிரேக்கைவிட்டு எடுப்பதில்லை. அந்த இறக்கத்தில் அந்த வேன் இறங்கக் கூடாது. அதற்குள் பிடித்தாக வேண்டும்.

கிரைண்டரை நிறுத்தினாள். ஊறிய உளுந்து அப்படியே கிடந்தது. ஸ்பானர்கள், சுத்தியல், கிரீஸ், ஒரு புது ஸ்ப்ளிட் பின் எல்லாவற்றையும் மாவுப் பையில் போட்டு, புதிய பேரிங்கைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

தசரா என்பதால் ஊரே சாலையில்தான் இருந்தது. எந்த வண்டியைப் பார்த்தாலும் சாமந்தி மாலை. ஷோரூமிலிருந்து மாலையும் கழுத்துமாகக் கொண்டு வருகிற புதுக் கார்கள் ஊர்வலம் மாதிரி நகர்ந்தன. வாகட் தாண்டிப் பைபாஸில் ஏறுவதற்கே நாற்பது நிமிஷம் போயிற்று. பிறகு கொஞ்சம் வழி விட்டது. லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டரை அவள் அப்படி ஒருநாளும் ஓட்டியதில்லை. வழியெல்லாம் வாசுதேவனைத் திட்டிக்கொண்டே போனாள். பெட்டியில் போட்டுக் கொடுத்தாரே, பொட்டை அழிக்காதே என்றாரே, போனுக்குப் பொட்டு வைத்து விட்டுவிட்டுப் போனாரே என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டினாள். வார்ஜே தாண்டியபோது திட்ட ஒன்றும் மிச்சமில்லை. அப்போது காலையில் விரலில் தட்டிய கரகரப்பு நினைவுக்கு வந்தது. அதற்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

நவ்லே பாலத்துக்கு வந்தபோது மணி ஒன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பையில் போன் அதிர்ந்தது. ஓரங்கட்டி எடுத்தாள்.

"அம்மா, பதினேழு மிஸ்ட் கால். க்யா ஹுவா?" வைஷுவின் குரல்.

"எங்க இருக்கறீங்க கண்ணு?"

"டோல் நாகா எப்பவோ தாண்டியாச்சு. டனல் வருது. அம்மா, வண்டி சத்தம் போடுது, பகுத் ஜாஸ்தி. நான் அப்பாகிட்ட சொன்னேன், அவர் கேக்கவே மாட்டேங்கறார். பாட்டை பெருசா வெச்சுட்டார்."

"அப்பாவ வண்டிய நிறுத்தச் சொல்லு. டனலுக்கு முன்னாடியே நிறுத்தோணும். இப்பவே. உள்ள இருக்கறது பழசு கண்ணு, பழசு..."

அந்தப் பக்கம் இரைச்சலாக ஒரு நொடி கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. சுரங்கத்துக்குள் போய்விட்டார்கள்.

நேரே மேலே ஏறினால் அவள் போகிற பாதை வேறு, அவர்கள் வருகிற பாதை வேறு, நடுவில் தடுப்புச் சுவர். பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனாள். ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்கி வருகிற பாதையின் ஓரத்தில் மேல்நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

லாரிகள் காதைப் பிளந்துகொண்டு இறங்கின. காற்றெல்லாம் பிரேக் காய்கிற நாற்றம். வெள்ளையாக எது தெரிந்தாலும் எக்கிப் பார்த்தாள். முதலில் ஓர் ஆம்புலன்ஸ். அப்புறம் ஒரு வேன், அதில் வாழைக்கன்று இல்லை. சுரங்கத்திலிருந்து இங்கே வருவதற்கு எட்டு நிமிஷம் போதும். எட்டு ஆயிற்று. பத்து ஆயிற்று. போனை அடித்தாள், மணி போயிற்று, எடுப்பாரில்லை. பன்னிரண்டாவது நிமிஷத்தில் அவளால் ஓட முடியவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் குழந்தையும் புருஷனும் உட்கார்ந்திருக்கிற வண்டியில் அந்த இரும்பைத் தன் கையால் தட்டி ஏற்றினோம் என்ற ஒன்றுதான் மனதில் நின்றது.

அப்போது மேலே வளைவில் ஒரே ஹார்ன் சத்தம். ஐந்தாறு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுங்கி, எதையோ திட்டிக்கொண்டு முந்தி வந்தன. அவற்றுக்குப் பின்னால், ஓரத்தை ஒட்டி, நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டு, சாமந்தி மாலையோடு ஆம்னி ஊர்ந்து வந்தது.

வலது முன் சக்கரம் உள்ளும் வெளியுமாக ஆடிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குள்ளிருந்து மெல்லிய புகை. கியரில் பிடித்துத்தான் வண்டி இறங்குகிறது என்பதை எஞ்சின் அலறலே சொன்னது. சந்திரிகா இரண்டு கையையும் ஆட்டினாள். வாசுதேவன் அவளைப் பார்த்துவிட்டார். அவர் எழும்பி எழும்பிப் பிரேக்கை மிதிப்பதும், மிதித்துக்கொண்டே இருப்பதும் கண்ணாடி வழியே தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. சக்கரம் ஆடுகிற ஆட்டத்தில் முன் பிரேக் விலகிப்போய்விட்டது, மிதித்தால் கால் தரைக்குத்தான் போகும். சந்திரிகாவைத் தாண்டி வண்டி இறங்கியது.

"வைஷு, ஹேண்ட் பிரேக்கை இழு. மெதுவா இழு," என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கும், அதற்கும் முன் சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை. வாசுதேவனுக்கு அது ஞாபகத்தில் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். வைஷு இழுத்தாள். பின் சக்கரம் கீச்சென்றது. வண்டி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, இன்னும் பத்தடி போய், தடுப்புக் கம்பியில் இடித்து நின்றது. சந்திரிகா சாலையோரத்தில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். இன்னொரு கல்லும் வைத்தாள். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைஷு இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசுதேவன் இறங்க நேரமாயிற்று. நெற்றியில் கோயில் குங்குமம் வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. தடுப்புக் கம்பிக்கு அப்பால் மூன்று பேரும் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். வைஷு பாட்டிலைக் கொடுத்தாள், அவர் தண்ணீர் குடித்தார்.

சந்திரிகா நடந்ததைச் சொன்னாள். இரண்டு பேரிங்கும் மாறிப்போனதை, பொட்டுக்கு அடியில் இருந்த தழும்பை எல்லாம் சொன்னாள். தன் தப்பு என்று புரிந்ததும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. சந்திரிகாவுக்கு வழியெல்லாம் திட்டிய திட்டு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"சத்தம் எப்ப வந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

"போறப்பவே வந்துச்சு. வார்ஜே தாண்டுனதுமே."

"அப்பவே ஏனுங்க நிறுத்தல?"

வாசுதேவன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "நீ மாட்டுனதாச்சே சந்திரி. இனிமேல் சந்தேகப்பட மாட்டேன்னு சாமி முன்னாடி சொன்னேனே. இவ டனல்ல நிறுத்தச் சொன்னப்பக்கூட, உங்கம்மா என்னைய சோதிக்கறாளாட்ட இருக்குதுன்னுதான் நெனச்சேன். டனலைத் தாண்டி பிரேக் போனதுக்கப்புறந்தான் பயம் வந்துச்சு."

எட்டு நாள் பேசாமல் இருந்து சந்திரிகா அவரிடம் வாங்கிய வாக்கு அது. அதைத்தான் அவர் போகவும் வரவும் வழியெல்லாம் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மெக்கானிக்கிடம் ஓடிய பழைய வாசுதேவனாக இருந்திருந்தால் வார்ஜேயிலேயே நிறுத்தியிருப்பார்.

"என்ர கைக்குத் தெரிஞ்சுதுங்க," என்றாள். "காலைல சுத்திப் பாத்தப்பவே கரகரன்னு இருந்துச்சு. பொடின்னு நெனச்சு விட்டுட்டேன். இன்னொருக்கா சுத்திப் பாத்திருக்கோணும். பாக்கல."

வைஷு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சக்கரம் ஆறுவதற்கு அரை மணி நேரமாயிற்று. அதற்குள் வைஷு காய்ந்த செடிகளை ஒடித்து வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் போட்டு, லாரிக்காரர்களுக்குத் தெரியும்படி துப்பட்டாவை மேலே கட்டினாள். சந்திரிகா வேனில் இருந்த ஜாக்கியை எடுத்து ஏற்றினாள். சக்கரத்தை எடுத்து மூடியைக் கழற்றியதும் கருகிய கிரீஸோடு இரும்புத் துண்டுகள் சாலையில் கொட்டின. கூடு சுக்கல் சுக்கலாகியிருந்தது. குண்டுகளில் பாதியைக் காணோம். வெளி வளையத்தில் சந்தனம் கருகி ஒட்டியிருந்தது.

வாசுதேவன் அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, மாவுப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தார். புதிய பேரிங்கை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"மாட்டு சந்திரி. வீடு போய்ச் சேந்துறலாம். நீ மாட்டுனா ஒண்ணும் ஆகாது."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். சந்திரிகா வாங்கிக்கொண்டாள். விரலில் மாட்டிச் சுற்றினாள், சத்தமில்லை. இன்னொரு தடவையும் சுற்றினாள். பிறகு பழைய துணியால் ஆக்ஸிலின் முனையைத் துடைத்து, அதன் மேல் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தாள். சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் நகம் மாட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம் கீறியிருந்தது. காலையில் தட்டிய அதே கரகரப்பு. விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

புதிய பேரிங்கைத் தட்டினால் உட்கார்ந்துவிடும், வண்டியும் ஓடும். இன்னும் முப்பது கிலோமீட்டர்தான், சமதளம்தான். வாசுதேவன் ஸ்பானரைத் துடைத்து எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க," என்றாள். ஸ்பானரை வாங்கிப் பையில் போட்டாள். "கண்ணு, டோயிங் வண்டிக்குப் போன் போடு. மெக்கானிக்கே பாத்துக்கட்டும்."

"ஏன், என்னாச்சு?" என்றார் வாசுதேவன்.

"எனக்கு சந்தேகமா இருக்குதுங்க."

அந்த வீட்டில் நான்கு மாதமாக யாரும் சொல்லாத வார்த்தை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் விரலை அந்தப் பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"எனக்கும்தான்," என்றார்.